0.8 இலிருந்து 1.1: இதயச் சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுநீரகம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ போய் இதயச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வருகிறவரின் றிப்போர்ட்டில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.1 என்று இருந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆய்வுகூடம் தரும் எல்லைக்குள் இருக்கும் எண் அது. முன்பு 0.8 இருந்தவருக்கு 48 மணிநேரத்துக்குள் அது 1.1 ஆகியிருந்தால் கதை வேறு. 0.3 மி.கி./டெ.லீ. ஏறினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்கிறது கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டி அமைப்பின் 2012 வரையறை. 7 நாளுக்குள் 1.5 மடங்கானாலும், சிறுநீர் உடல் நிறையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லீ.க்குக் குறைவாக 6 மணிநேரம் போனாலும் அப்படித்தான்.

கிரியேட்டினின் பிந்தி வரும் செய்தி. சிறுநீரகம் வடிகட்டுவது குறைந்த பிறகு அது இரத்தத்தில் சேர்ந்து கண்ணில் படும் அளவுக்கு ஏற 24 முதல் 48 மணிநேரம் பிடிக்கும். சத்திரசிகிச்சையின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் பைபாஸ் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பும் திரவமும் ஐசியூவில் ஏற்றும் சேலைனும் இரத்தத்தை ஐதாக்கிவிடுவதால், முதல் நாள் எண் இறங்கிக்கூட இருக்கும். 60 கிலோ ஆணின் உடல் நீர் ஏறத்தாழ 36 லீற்றர். 3.6 லீற்றர் திரவம் கூடுதலாக உடலில் தங்கியிருந்தால், அளந்த எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். றிப்போர்ட்டில் 1.0 என்றால் உண்மையில் 1.1. இந்தக் கணக்கைப் போடாத இடத்தில் 0.8 இலிருந்து வந்த பாதிப்பு கண்ணுக்குத் தப்பிவிடும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் பாதிப்பை முன்கூட்டியே காட்டும் குறிகாட்டிகள். அதிகம் பேசப்படுவது என்கால் என்ற புரதம். சிறுநீரக நுண்குழாய்க் கலங்கள் அடிபட்டவுடன் இது வெளிவரும். பைபாஸுக்கு உட்பட்ட 71 குழந்தைகளில் நடந்த 2005 ஆய்வில் 2 மணிநேரத்திலேயே இரத்தத்திலும் சிறுநீரிலும் தெரிந்தது. வளர்ந்தவர்களில் அவ்வளவு தெளிவாக வரவில்லை. வெள்ளணுக்களும் என்காலைச் சுரக்கின்றன; பைபாஸ் இயந்திரமே அவற்றைத் தூண்டிவிடும். கிருமித்தொற்றும் நாள்பட்ட சிறுநீரக நோயும் எண்ணை உயர்த்தும். மாதிரியை எடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும்: இரத்தம் உறையும்போது வெள்ளணுக்கள் என்காலை விடுவதால், உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் சீரத்தைவிட, உறையவிடாத இடிடிஏ குழாயில் எடுத்துச் சீக்கிரம் பிரித்த பிளாஸ்மாதான் நம்பத்தக்கது.

இரத்தத்தில் அளக்கும் இன்னொரு புரதமான சிஸ்டாற்றின் சி தசையின் அளவை அவ்வளவாகச் சாராது. மெலிந்த வயோதிபர்களில் கிரியேட்டினின் ஏமாற்றும் இடத்தில் இது கைகொடுக்கும். ஸ்ரெறொயிட் கொடுத்திருந்தாலோ தைரொயிட் கோளாறு இருந்தாலோ எண் பிறழும்.

எந்தக் குறிகாட்டியும் தானாகச் சிறுநீரகத்தைக் காப்பாற்றாது. 2017 இல் ஜெர்மனியில் 276 பேரில் நடந்த பிரிவென்ட் ஏகேஐ ஆய்வில், வேறொரு சிறுநீர்க் குறிகாட்டி உயர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இரத்தஓட்டத்தைக் கவனித்து, இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தி, சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்துகளைத் தவிர்த்தார்கள். வழமையான கவனிப்புப் பெற்றவர்களில் 71.7 வீதமாக இருந்த பாதிப்பு இவர்களில் 55.1 வீதமாக இறங்கியது. வேலை செய்தது அந்தக் கவனிப்புத்தான். யாருக்கு அது வேண்டும் என்று காட்டியது பரிசோதனை.

இந்தப் புதிய பரிசோதனை கிடைக்காத இடத்திலும் மணிக்கணக்குச் சிறுநீர் அளவு கிடைக்கும். 60 கிலோ ஆளுக்கு 6 மணிநேரத்தில் 180 மி.லீ. வேண்டும். குறைந்தால் முதலில் கத்தீற்றர் அடைபட்டிருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரைக் கூட்டும் மருந்தான புரூசிமைட் போட்ட பிறகு வரும் சிறுநீரை வைத்து ஆறுதல்பட வேண்டாம்.

ஊரிலிருந்து புறப்படும்போதே கிளினிக் கொப்பியையும் பழைய கிரியேட்டினின் றிப்போர்ட்டுகளையும் கட்டாயம் கொண்டுபோங்கள். முந்திய எண் தெரியாவிட்டால் 1.1 என்பதற்கு அர்த்தமே இல்லை. திரும்பி வந்தபின் நெஞ்சுத் தழும்பு வலிக்கிறது என்று பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கி விழுங்க வேண்டாம். லோசார்ட்டன் என்ற பிறஷர் மாத்திரையும் நீர்மாத்திரையும் எடுப்பவர் இந்த வலிமாத்திரையையும் சேர்த்தால், கச்சான் காற்றடிக்கும் நாட்களில் உடம்பு வறண்டு கிடக்கையில் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் கேளுங்கள். இதயமாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஐசியூவில் பாதிப்பு வந்தவர் 3 மாதத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.