மாயாவியோட கையை வரைஞ்சவர்

நம்ம செட்ல யாருகிட்ட இரும்புக்கை மாயாவி காமிக்ஸ்னு சொன்னாலும் முகம் மலர்ந்துரும், ஆனா அந்தப் படத்தையெல்லாம் வரைஞ்சது யாருன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, அதான் அவரைப் பத்தி நம்ம மலர்ல ஒரு பக்கமாவது வரணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. பேரு ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின்ல பார்சிலோனாக்காரர், 1919ல பிறந்து 1995ல காலமானார். 1962ல லண்டன்ல வேலியன்ட்னு ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சாங்க, அதுல அவர் வரைஞ்ச மாயாவி தொடர்தான் 1972ல சிவகாசியிலேர்ந்து முத்து காமிக்ஸோட முதல் புக்கா வந்துச்சு, அப்பறம் நம்ம கும்பகோணம் லெண்டிங் லைப்ரரில அட்டை கிழிஞ்சு கோணி ஊசியில தைச்சு நமக்குக் கிடைச்சுது.

கதை தெரியாத பசங்களுக்கு ஒரு வரி: விபத்துல வலது கை போய் இரும்புக்கை மாட்டிக்கிட்டவர் மேல கரண்ட் பாஞ்சா உடம்பு மறைஞ்சுரும், கை மட்டும் தெரியும்.

இப்ப வரையறவர் பக்கத்துலேர்ந்து யோசிச்சுப் பாருங்க. ஹீரோவுக்கு மூஞ்சி இல்ல, கண்ணு இல்ல, உடம்பே இல்ல, அவன் கோவமா இருக்கானா பயந்துட்டானா களைச்சுட்டானான்னு அஞ்சு விரலை வெச்சு மட்டும் சொல்லணும். பிளாஸ்கோ சொல்லிருவார். கதவு இடுக்குல நுழையிற கைக்கு ஒரு பதுங்கல் இருக்கும், கழுத்தைப் பிடிக்கிற கைக்கு ஒரு வெறி இருக்கும்.

இதை எனக்குக் காட்டிக் குடுத்தவர் நம்ம டிராயிங் சார்தான். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரில படிச்சவர், காமிக்ஸை மட்டமா பேசினதே கிடையாது. "டேய் தம்பி, வசனத்தை விரலால மூடிக்கிட்டு படத்தை மட்டும் பாரு"ன்னுவார். ஒரு தடவை தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனப்ப திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னாடி எங்களை நிறுத்தி வெச்சுட்டார். 11ஆம் நூற்றாண்டு சோழர் செப்புத் திருமேனி, சிவன் காளை மேல கையைப் போட்டு சாஞ்சு நிக்கிற மாதிரி வார்த்தது, ஆனா காளை இப்ப இல்ல. கை மட்டும் காத்துல இருக்கு. சார் கேட்டார், "காளை தெரியுதா?" தெரிஞ்சுது, நிஜமாவே தெரிஞ்சுது, எவ்ளோ உசரம், எங்க திமில்னு எல்லாம் அந்தக் கையோட சாய்மானத்துலயே இருந்துச்சு. "உங்க மாயாவிக்காரனும் இதைத்தான்டா செய்யறான், கையைச் சரியா வெச்சா மீதியை பாக்கறவன் மனசு வரைஞ்சுக்கும்"னார். அதுக்கப்பறம் எந்த இஷ்யூ எடுத்தாலும் நான் மொதல்ல கையைத்தான் தேடுவேன்.

இன்னொண்ணு அவரோட கறுப்பு. நம்மூர்ல வந்தது சின்ன சைஸ், சாணிப் பேப்பர், ஐப்பசி அடைமழைல வேற புக்கு ஊறிப் போயிரும், அதுலயும் பிளாஸ்கோ படம் நின்னுச்சு, ஏன்னா அவர் இருட்டைப் பட்டையா அடிச்சு வெளிச்சத்தை அதுலேர்ந்து வெட்டி எடுக்கறவர். ஸ்பைடர்ங்கற இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸுக்கு வரைஞ்ச ரெஜ் பன் பெரிய ஆளுதான், ஆனா அவர் பொடிப்பொடியா கோடு போடுவார், அது நம்ம அச்சுல மசியா ஒட்டிக்கும்.

2021ல இங்க இங்கிலாந்துல ரெபெல்லியன் கம்பெனி பழைய பக்கங்களைப் பெருசா புக்கா போட்டாங்க. வாங்கிப் பாத்தா நம்ம சின்ன சைஸ்ல அடங்காம போன எவ்ளோ வானம், தெரு, மாடி ஜன்னல்! அந்தப் பக்கங்களை நிதானமா பாக்கவே எனக்கு ஒரு வாரம் போதல.

எல்லா மாயாவி கதையும் ஒரே தரம்னு சொல்ல மாட்டேன். சிலது அவர் வரைஞ்சதே இல்ல, வேற ஆளுங்க வரைஞ்சது, விரல் கட்டை மாதிரி இருக்கும், பாத்ததுமே தெரிஞ்சுரும். கதையும், மாயாவி நிழல் படைங்கற உளவு அமைப்புல சேந்தப்பறம், விரலுக்கு விரல் ஆயுதம், அப்பறம் தனி டிரெஸ்ஸுன்னு போயிருச்சு. டிரெஸ் போட்டு உடம்பைக் காட்டிட்டா அந்தக் கை தனியா பேச என்ன இருக்கு? அதனால புதுசா படிக்கிற பசங்களுக்கு அந்த முதல் கதையையே குடுங்க, அவன் இன்னும் நல்லவனா ஆகாம, தப்பு வழில திரியற கதை. அதுலதான் பிளாஸ்கோ முழுசா இருக்கார்.