வாணவேடிக்கையைப் படமெடுத்தல்: மூன்றாம் இரவு வரை

முதல் இரவில் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று ஆட்டோவில் விட்டிருந்தேன். இருட்டைக் கண்டு பதறிய அது, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றிவிட்டது. கரிய வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒளிப்பூக்களின் நடுப்பகுதி நிறமே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தது. ஆட்டோஃபோகஸ் பிடிமானம் தேடி முன்னும் பின்னும் அலைந்து முடிப்பதற்குள் பாதி வாணங்கள் அணைந்துவிட்டன.

இரண்டாம் இரவுக்கு முக்காலி, ரிமோட் ஷட்டர், ஐஎஸ்ஓ 100, எஃப்/11 அபர்ச்சர் (லென்ஸ் துவாரம்; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோட் என்று ஏற்பாடாகப் போனேன். அன்றுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஓடும் பொறி, படத்தைப் பதியும் சென்சாரின் ஒரு புள்ளியைக் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே தொட்டுச் செல்கிறது. ஷட்டரை 2 நொடி திறந்தாலும் 8 நொடி திறந்தாலும் அந்தக் கோட்டின் பிரகாசம் மாறுவதில்லை. அதை முடிவுசெய்வது அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான். ஷட்டர் நேரம் கூடினால் படத்தில் விழும் பூக்களின் எண்ணிக்கை கூடும். பின்னணிக் கட்டடங்களின் வெளிச்சமும் கூடும். இது புரிந்த பிறகு, வெளிச்சத்தை அளந்து காட்டும் கேமரா மீட்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆனாலும் அன்றைய படங்கள் சொதப்பின. லென்ஸ் வளையத்தைத் திருகும்வரை திருகினால் முடிவிலி, அதாவது மிகத் தொலைவுக்கான ஃபோகஸ், என்று நம்பியது என் அறியாமை. பெரும்பாலான ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் வளையம் முடிவிலியையும் தாண்டிச் சற்றுச் சுழலும். கோடுகள் எல்லாம் நனைந்த நூல்போலத் தடித்துவிட்டன. போதாக்குறைக்கு, நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் (படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகள்) குறைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. 6 நொடி எடுத்தால் இன்னொரு 6 நொடி கருப்புப் படம் எடுத்துக் கழித்துப் பார்க்கும்வரை கேமரா கதவைச் சாத்திக்கொள்ளும். நல்ல வாணங்கள் பல அந்த இடைவெளியில்தான் வெடித்தன என்பது என் சந்தேகம்.

மூன்றாம் இரவில் வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டேன். தொலைவிலிருந்த கோபுர விளக்கை, காட்சியைக் கேமராத் திரையில் காட்டும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தின்மேல் டேப் ஒட்டினேன். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பு தேவையில்லை, அதையும் அணைத்தேன். காற்று முதுகில் படும் பக்கமாக இடம் பிடித்தேன். புகை நம்மை நோக்கி வந்தால் பத்தே நிமிடத்தில் கதை முடிந்துவிடும். எதிர்ப்பக்கமாகப் போனாலும் முதல் சில நிமிடங்களின் வானத்துக்கு ஈடு கிடையாது.

லென்ஸ் தேர்வுக்கு எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஒளி தெரிந்ததிலிருந்து சத்தம் கேட்கும்வரை நொடிகளை எண்ண வேண்டும். நொடிக்குச் சுமார் 340 மீட்டர். முதல் வாணத்துக்கு இரண்டு நொடி ஆயிற்று, அதாவது ஏறக்குறைய 680 மீட்டர். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் நீளப்பக்கம் 36 மில்லிமீட்டர் என்பதால், 35 மில்லிமீட்டர் லென்ஸோடு கேமராவைச் செங்குத்தாக வைத்தால், தூரம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு உயரம் படத்தில் அடங்கும். 70 என்றால் அதில் பாதி. ஜூமை 70-இல் நிறுத்தினேன். 340 மீட்டர் தாராளமாகப் போதும்.

இதே தாமதம்தான் முந்தைய இரவில் என்னைக் கவிழ்த்திருக்கிறது. வாணம் கிளம்பும் ‘தொப்’ சத்தத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறந்தேன். சத்தம் வந்து சேருவதற்குள் வாணம் பாதி வானம் ஏறியிருக்கும். இம்முறை காதை நம்பாமல், மேலேறும் பொறிவாலைக் கண்டதும் அழுத்தி, இதழ்கள் தொங்கி மங்கும்போது விட்டேன். பெரும்பாலும் மூன்று நான்கு நொடிகள். சில படங்களில் ஷட்டரைத் திறந்தபடியே வைத்து, வெடிப்புகளுக்கு இடையே லென்ஸுக்கு முன்னால் கருப்பு அட்டையைப் பிடித்தேன். அட்டை லென்ஸில் இடிக்கக் கூடாது. எனக்கு இரண்டு முறை இடித்தது.

86 படங்களில் நான்கு மனத்துக்குப் பிடித்தன. அவற்றில் ஒன்றில் நீலம் நீலமாகவே விழுந்திருக்கிறது. செம்புச் சேர்மம் தரும் அந்த நிறம் வெப்பம் மீறினால் வெளிறிவிடும் என்பதால், வாணம் செய்பவர்களுக்கே அது சவால்தான். எனக்கோ சிக்கல் சிவப்பில். ஸ்ட்ராண்டியம் பூக்கள் வந்தபோது படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் பொது ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. வீட்டில் கேமரா பதப்படுத்தாமல் சேமித்த ரா ஃபைலைத் திறந்தபோது சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில், அதாவது அளவு மீறிய வெளிச்சத்தில், முட்டி நின்றது. இதழ்களின் நுணுக்கம் போய்ச் சிவப்புத் திட்டுகளாகிவிட்டன. கடைசி நிமிடத்து வெள்ளி மழையிலும் எஃப்/16-க்கு மாற்ற மறந்து, படம் முழுக்க வெண்மை. அடுத்த முறை எஃப்/13-இல் தொடங்கி, ஹிஸ்டோகிராமை நிறம் நிறமாகப் பார்க்கப் போகிறேன்.