ஆற்றுவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் கைபேசியை நீட்டுகிறவர்கள் படம் எடுப்பது ஒன்றைத்தான்: தலைக்கு மேலிருந்து இடுப்புவரை இறங்கும் தே தாரிக், அதாவது உயர்த்தி ஆற்றும் பால் டீ. தண்ணி கலக்குகிறவருக்குப் பெயர் வாங்கித் தருவதும் அதுதான். ஆனால் அந்த டீ தேறுமா தேறாதா என்பது தேயிலை வடிக்கும் துணிப்பைக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 80 முதல் 100 கிராம் தேயிலைத்தூள். தண்ணீர் தளதளவெனக் கொதித்திருக்க வேண்டும். காலையில் கடை திறந்த அவசரத்தில், பாய்லர் முழுதாகச் சூடேறுமுன் ஊற்றினால் நிறம் இறங்கும், திடம் இறங்காது. இறங்கிய டிகாஷனை இரண்டு மூன்று தடவை அதே பைக்குள் திருப்பி ஊற்றி, நான்கைந்து நிமிடத்தில் பையைத் தூக்கிவிட வேண்டும். பை ஊறிக்கொண்டே கிடந்தால் துவர்ப்பு ஏறும். அதை மறைக்கப் பாலைக் கூட்டுவார்கள். டீயும் கெட்டு, பாலும் வீண்.

பையைச் சோப்பில் கழுவக்கூடாது. சோப்பு வாசம் துணியில் தங்கும், நுரையும் நிற்காது. வெந்நீரில் அலசிக் காற்றில் உலர்த்தினால் போதும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மறுநாள் டீயில் புளித்த வாடை அடிக்கும். புதுப் பையைப் பழைய தேயிலையோடு ஒருமுறை கொதிக்கவிட்டு எடுத்தால் கஞ்சி வாசம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை தனிக் கணக்கு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும் கூட்டம் மொத்தமாக வந்து இறங்கும். அதற்குப் பயந்து பன்னிரண்டு மணிக்கே பெரிய பானையில் டிகாஷன் இறக்கி அடுப்பில் வைத்திருப்பார்கள். இரண்டு மணிக்கு அது கஷாயம். தூளை முன்கூட்டியே அளந்து பொட்டலமாக வைத்துக்கொண்டு, தொழுகை முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது முதல் பையைப் போடுவதே சரி.

கெட்டிப்பால் ஒரு கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 40 கிராம். 500 கிராம் டின்னில் பன்னிரண்டு கிளாஸ் வர வேண்டும். பதினைந்து வந்தால் வாடிக்கையாளர் ஏமாறுகிறார், பத்துதான் வந்தால் முதலாளி. இன்று பல டின்களில் இருப்பது பாமாயில் சேர்த்த இனிப்புக் கிரீமர். லேபிளைப் படித்து வாங்குகிறவர்கள் குறைவு.

'குராங் மானிஸ்', அதாவது இனிப்பு குறைவாக, கேட்டால் கெட்டிப்பாலைப் பாதியாக்கி வெந்நீரால் நிரப்புவது நிறையக் கடைகளின் வழக்கம். இனிப்பும் பாலும் ஒரே டின்னிலிருந்து வருவதால் இரண்டும் சேர்ந்தே குறையும், டீ நீர்த்துப்போகும். குறைத்த இடத்தைச் சீனி சேர்க்காமல் சுண்டவைத்த இவாப்பரேட்டட் பாலால் ஈடுகட்ட வேண்டும். தே ஹலியா எனும் இஞ்சி டீக்கு இஞ்சியை நசுக்கி நேரே பாலில் போடக்கூடாது. பச்சை இஞ்சியில் உள்ள நொதி பாலைத் திரிக்கும். தண்ணீரில் கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழக்கும், பிறகு பால் சேர்க்கலாம்.

ஓர்டர் சத்தத்தில்தான் வரும்: "பாய், தே ஓ கோசோங் ரெண்டு, தாரிக் கௌ ஒண்ணு, நெஸ்லோ ஐஸ் ஒண்ணு!" தே ஓ கோசோங் என்றால் பாலும் சீனியும் இல்லாத டீ, கௌ என்றால் திடமாக, நெஸ்லோ என்றால் நெஸ்கஃபேயும் மைலோவும் கலந்தது. இவ்வளவையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியதில்லை. கேட்டவுடனே கிளாஸ்களை வரிசையாக அடுக்கி, பாலோ சீனியோ முதலில் போட்டுவிட்டால் அந்த வரிசையே குறிப்பேடு. கோசோங் கிளாஸ் காலியாக நிற்கும்.

இனி ஆற்றுவது. பாலை அடியோடு கலக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வாய் பாகாக இருக்கும். குவளைகளை நெருக்கமாகப் பிடித்துத் தொடங்கி, ஊற்றும் கையை மெல்ல உயர்த்த வேண்டும். கண் ஏந்தும் குவளையில் இருக்கட்டும். ஐந்தாறு முறை போதும். பத்து முறை ஆற்றினால் வேடிக்கை பார்ப்பவருக்கு மகிழ்ச்சி, குடிப்பவருக்கு ஆறிப்போன டீ. காற்றாடிக்கு நேர் கீழே கலக்கு மேடை போடுகிற முதலாளிகள் ஒருநாளாவது அங்கே நின்று ஆற்றிப் பார்க்க வேண்டும். பாதி டீ சட்டையில்தான் இருக்கும்.

புங்குஸ், அதாவது பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவது, என்றால் இரண்டு முறை கூடுதலாக ஆற்றலாம். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் ஊற்றினால் பை இளகும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் முடிச்சுப் போட இடமிருக்காது, மோட்டார்சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகிறவர் பட்டர்வொர்த் ஃபெரிக்குப் போய்ச் சேருமுன் பாதி சிந்தியிருக்கும்.