ஈவைத் துரத்தாத நிரூபணம்

ஜனவரி 9
பிபி84 நெறிமுறையை எடுத்திருக்கிறேன்: ஒட்டுக்கேட்கும் ஈவுக்குத் தெரியாமல் ஆலிஸும் பாபும் ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) வழியே ஒரு ரகசியச் சாவியை உருவாக்கும் முறை. பென்னட்டும் பிராஸாரும் 1984-இல் பெங்களூரு மாநாடு ஒன்றில் முன்வைத்தது. ஆலிஸ் ஒவ்வொரு ஃபோட்டானையும் இரண்டு பேஸிஸில் (பிட்டைப் பதிக்கவும் அளக்கவும் உள்ள இரு வழிகளில்) ஏதோ ஒன்றில் அனுப்புகிறாள். பாப் தன் போக்கில் ஒன்றைத் தேர்ந்து அளக்கிறான். பேஸிஸ் ஒத்துப்போன பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஈவ் எல்லாவற்றையும் அளந்து மறுபடி அனுப்பினால், அவற்றில் 25% பிழையாகும். பல அறிமுக நூல்கள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. இது ஒரே ஒரு தாக்குதலுக்கான கணக்குதான். ஃபோட்டான்களை எல்லாம் தன் குவாண்டம் நினைவகத்தோடு பிணைத்துவிட்டு, இருவரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து மொத்தமாக அளக்கும் ஈவுக்கு என்ன பதில்?

ஜனவரி 12
1996-இல் பதில் சொன்னவர் மேயர்ஸ். படிக்கக் கடினம். லோ–சாவ் (1999) எவ்வளவோ தெளிவு. ஆனால் ஆலிஸ், பாப் இருவருக்கும் குவாண்டம் கணினி வேண்டுமாம்.

ஜனவரி 15
ஷோர்–ப்ரெஸ்கில் (2000). மனம் நிறைந்த நாள். இருவரும் பின்னிய ஜோடிகளை (குவாண்டம் முறையில் ஒன்றோடொன்று பிணைந்த துகள்களை) பகிர்ந்துகொண்டதாகக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். பிட் பிழை (0, 1 மாறிப்போவது), ஃபேஸ் பிழை (மற்ற பேஸிஸில் அளந்தால் தெரியும் பிழை) இரண்டையும் திருத்திவிட்டால் கிடைப்பது தூய பின்னல். அதோடு மூன்றாம் ஆள் எவருக்கும் தொடர்பு இருக்க முடியாது. அடுத்த அடிதான் அபாரம். ஃபேஸ் திருத்தம் சாவியின் பிட்டுகளைத் தொடுவதே இல்லை. அப்படியானால் அதை நிஜத்தில் செய்யத் தேவையில்லை; செய்ய முடியும் என்று தெரிந்தால் போதும். குவாண்டம் கணினி கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது சாதாரணப் பிழைதிருத்தமும், சாவியைச் சுருக்கி ரகசியமாக்கும் வேலையும். ஈவ் என்ன செய்தாள் என்று எந்த வரியும் கேட்கவில்லை. ஃபேஸ் பிழை எவ்வளவு என்பதை மற்ற பேஸிஸில் எடுத்த மாதிரிப் பிட்டுகளே சொல்லிவிடுகின்றன.

ஜனவரி 16
சாவி விகிதம் 1 − 2h(e). e என்பது பிழை விகிதம்; h(e) என்பது அந்தப் பிழையால் வரும் நிச்சயமின்மையைப் பிட்டில் அளக்கும் பைனரி என்ட்ரோபி. ஒரு h பிழைதிருத்தத்துக்கு, இன்னொன்று ஈவுக்குத் தெரிந்திருக்கக்கூடியதை அழிக்க. e ஏறக்குறைய 11% ஆனதும் விகிதம் பூஜ்யம். கையால் போட்டுப் பார்த்தேன், h(0.11) கிட்டத்தட்ட 0.5.

ஜனவரி 21
2010-இல் வலுவான ஒளியைப் பாய்ச்சி டிடெக்டர்களைக் குருடாக்கி, சாவி முழுவதையும் ஈவ் அறிய முடியும் என்று காட்டினார்கள். "நிரூபணம் பொய்த்தது" என்று இதைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். டிடெக்டர் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்ற அனுமானம் உடைந்தது. அந்த அனுமானமே வேண்டாம் என்கிறது 2012-இல் லோ குழுவினரின் கட்டுரை: ஆலிஸ், பாப் இருவருமே அனுப்புவார்கள், அளக்கும் கருவி ஈவின் கையிலேயே இருக்கட்டும். அடுத்து அதைத்தான் வரி வரியாகப் படிக்கப்போகிறேன்.