கான்விக்ட் ஏரியில் இரண்டு இரவுகள்

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 395ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டியோட்டிச் சென்றால், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், 7,500 அடிக்கு மேலான உயரத்தில் இருக்கும் கான்விக்ட் ஏரியை அடையலாம். 1871இல் நெவாடா மாநிலத்தின் கார்சன் சிட்டி சிறையிலிருந்து தப்பிய கைதிகள் சிலர் இங்கே வந்து ஒளிந்ததால் ஏற்பட்ட பெயர் அது. அவர்களைத் தேடிவந்து, துப்பாக்கிச் சண்டையில் உயிரிழந்த ராபர்ட் மாரிசனின் பெயரை ஏரிக்குப் பின்னே சுவர்போல் எழுந்து நிற்கும் மலைக்கு வைத்திருக்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் மகளோடு இரண்டு இரவுகள் அங்கே கூடாரம் போட்டுத் தங்கினோம். கரடிகள் நடமாடும் இடமென்பதால் புளியோதரை முதல் பற்பசை வரை வாசனையுள்ள எல்லாவற்றையும் ஒவ்வோர் இரவும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். மனித உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிட நேர்கிறது என்பதால் இதில் சோம்பல் கூடவே கூடாது.

பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. மகளுக்கு அந்த வயது ஆகவில்லை என்பதால் எனக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன். முதல் நாள் காலை, பிசைந்த மாவு இரையை முள்ளில் உருட்டி வைத்துத் தூண்டில் போட்டோம். மீன் சிக்கினால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். சிக்கிய டிரவுட் மீன் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தது. செவுளிலிருந்து இரத்தம் கசிந்தது. விட்டாலும் பிழைக்காது என்பதால் அதை உடனே கொன்று, மதியம் மிளகு தடவி வறுத்தேன். அவள் சாப்பிடவில்லை. இரை வைத்துப் பிடிக்கும் மீன் முள்ளை ஆழமாக விழுங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அவள் விருப்பத்தை அறிந்த பிறகும் அந்த முறையைத் தேர்ந்தது என் தவறு. உண்பதற்கா, விடுவதற்கா என்பதைத் தூண்டிலை வீசும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

மறுநாள் இரையை ஒதுக்கிவிட்டு, நீரில் சுழலும் உலோகத் தகடுள்ள ஸ்பின்னர் என்ற போலி இரையை எடுத்தேன். எளிதாகக் கழற்ற வேண்டும் என்பதற்காக, அதன் ஒற்றை முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினேன். ஓடை வந்து ஏரியில் சேரும் முனையில், ஆஸ்பென் மரங்களின் அருகே நின்று வெகுநேரம் வீசிய பிறகு ஒரு மீன் சிக்கியது; முள் உதட்டோரத்தில்தான் இருந்தது. உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலம் உரிந்துவிடும் என்று சொன்னதும், மகள் பனி உருகி வந்த அந்த நீரில் கைகளை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்காமலே இரு உள்ளங்கைகளில் தாங்கினாள். பக்கவாட்டில் ஓடிய இளஞ்சிவப்புப் பட்டை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. செவுள்கள் நான்கைந்து முறை திறந்து மூடின. பிறகு வாலை ஒருமுறை அசைத்து ஆழத்துக்குள் போனது.