டர்பன்ல ஆயுர்வேதம் பாக்கப் போறீங்களா? மொதல்ல சிக் நோட் கதையக் கேளுங்க

ஆயுர்வேத டாக்டர் குடுத்த சிக் நோட்ட (உடம்பு சரியில்லன்னு லீவுக்குக் குடுக்கற சர்டிஃபிகேட்) ஆபீஸ்ல ஏத்துக்காம, போன மாசம் சம்பள ஸ்லிப்ல சம்பளமில்லாத லீவுன்னு ஒரு வரியப் போட்டு காசப் புடிச்சுட்டாங்க. இந்த மாசம் அதே காசு திரும்ப வந்துடுச்சு. வந்த பிறகுதான் உக்காந்து எழுதுறேன், அப்பவே எழுதியிருந்தா படிக்கிற மாதிரி இருந்திருக்காது.

நான் திருநெல்வேலிப் பக்கம், கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்தவ, இங்க சரக்குக் கப்பல் கம்பெனி ஒண்ணுல அக்கவுண்ட்ஸ் வேலை. ரொம்ப நாளா ஒரே அசதி. காலைல பல் தேய்க்கும்போதே மறுபடி எப்ப படுக்கலாம்னு மனசு கணக்குப் போடும், பீரியட்ஸ் தாறுமாறு, முடி கொத்துக் கொத்தா வருது, மாசக் கடைசி க்ளோசிங் வந்தா வீட்ல யாரும் கிட்ட வரமாட்டாங்க. ஜிபி (வழக்கமா பாக்கற பொது டாக்டர்) கிட்ட போனேன், ரத்த டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்தார், அதுவரைக்கும் ஒண்ணும் பிரச்சனை இல்ல.

பிரச்சனை லேப்ல ஆரம்பிச்சுது. ஃபார்ம்ல கார்டிசால் (ஸ்ட்ரெஸ் ஹார்மோன்), காலை 8 மணின்னு தெளிவா எழுதியிருக்கு. நான் 8 மணிக்கு முன்னாடியே போய் நிக்கிறேன், ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு மெடிக்கல் எய்ட் (இங்க மருத்துவக் காப்பீட்டுக்கு அப்படித்தான் பேர்) நம்பர் சிஸ்டத்துல ஏறலன்னு உக்கார வச்சு, அப்பறம் ஷிஃப்ட் மாறி, கடைசில ஊசி போடும்போது மணி 11:30. "இது காலைல எடுக்க வேண்டிய டெஸ்ட்டாச்சே"ன்னு கேட்டேன், "பன்னெண்டு மணி வரைக்கும் காலை தானே மேடம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. கார்டிசால் காலைல எந்திரிக்கிற நேரத்துலதான் உச்சத்துல இருக்கும், அப்பறம் நாள் பூரா இறங்கி நடுராத்திரி வாக்குல அடிமட்டத்துக்குப் போகும். அதனால எத்தன மணிக்கு எடுத்ததுன்னு தெரியாம அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது. ரிசல்ட் குறைவுன்னு அம்புக்குறியோட வந்துச்சு, வீட்டுக்காரர் கூகிள்ல பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிடல.

இந்த அம்புக்குறிய வச்சுக்கிட்டு மால்ல ஒரு வெல்னஸ் கடைக்காரர் எனக்கு அட்ரீனல் ஃபட்டீக்னு ஒரு பேர் சொல்லி, எச்சில்ல பண்ற டெஸ்ட் கிட், பவுடர், கேப்ஸ்யூல்னு ஒரு பேக்கேஜே போட்டார், 1,800 ரேண்ட். வாங்கல. நீங்களும் வாங்காதீங்க. ஹார்மோன் டாக்டருங்களோட சங்கங்க அப்படி ஒரு நோய ஒத்துக்கறது இல்ல, 2016ல அது சம்பந்தமான ஆய்வுகள எல்லாம் சேத்துப் பாத்தும் அப்படி ஒண்ணு இருக்குங்கறதுக்கு ஆதாரம் இல்லன்னுதான் எழுதினாங்க. அட்ரீனல் சுரப்பி நிஜமாவே வேலை செய்யாம போற அடிசன்ஸ் நோய் வேற, அது ஆபத்தானது, அதுக்கு ஒழுங்கான டெஸ்ட் இருக்கு, கடைல விக்கிற கிட் இல்ல.

மறுபடி 8 மணிக்குக் குடுத்து (இந்தத் தடவ வாசல்லயே சத்தம் போட்டேன்) கார்டிசால் நார்மல், தைராய்டு நார்மல், ஃபெரிட்டின் மட்டும் 11. அதாவது இரும்புச் சத்துக் கிடங்கு காலி. ஜிபி இரும்பு மாத்திரை எழுதிட்டு, ஸ்ட்ரெஸ்ஸக் குறைங்கன்னார். எப்படின்னு அவருக்கும் தெரியல எனக்கும் தெரியல, அதனாலதான் ஆயுர்வேதம்.

இங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. தென்னாப்பிரிக்காவுல ஆயுர்வேதம் சும்மா பாட்டி வைத்தியக் கணக்குல இல்ல, சட்டப்படி அங்கீகாரம் உண்டு. 1982ம் வருஷ 63ம் நம்பர் சட்டத்துல அமைஞ்ச அலைட் ஹெல்த் ப்ரொஃபெஷன்ஸ் கவுன்சில்னு ப்ரிட்டோரியாவுல இருக்கு, ஆயுர்வேத டாக்டர் அதுல பதிஞ்சிருக்கணும். ஆனா அதே கவுன்சில்ல மசாஜ், அரோமா, ரிஃப்ளெக்சாலஜி தெரபிஸ்ட்களும் பதிவாகுறாங்க, அவங்க நோயக் கண்டுபிடிச்சு வைத்தியம் பண்ற ஆளுங்க இல்ல. நான் மொதல்ல போன இடத்துல போர்டு பூரா ஆயுர்வேதம், தன்வந்திரி படம், சாம்பிராணி வாசம் வேற. உள்ள போயி பதிவு நம்பர் கேட்டா அந்த அம்மா முகம் மாறிடுச்சு, கடைசில பாத்தா மசாஜ் தெரபிஸ்ட் பதிவு. அரை நாள் லீவு, பெட்ரோல் எல்லாம் வேஸ்ட். அதுக்கப்பறம் ஃபோன்லயே நம்பரக் கேட்டு வாங்கி, கவுன்சில்ல சரி பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்.

கடைசியா கிடைச்ச டாக்டரம்மா கேரளாவுல படிச்சவங்க, தமிழ் நல்லாவே புரியும். நீங்க சாப்பிடற எல்லா டப்பாவையும் கொண்டாங்கன்னாங்க. மேஜை மேல கொட்டினேன், முடிக்குன்னு நான் சாப்பிட்ட பயோட்டின் (ஒரு விட்டமின்) டப்பாவத் தனியா எடுத்து வச்சுட்டு, அடுத்த தைராய்டு டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தணும், சில லேப் மிஷின்ல இது தைராய்டு டெஸ்ட்ல பாக்கற டிஎஸ்ஹெச் அளவத் தப்பாக் காட்டும்னாங்க. ஜிபி இதக் கேக்கவே இல்ல. இரும்பு மாத்திரைய நிறுத்தச் சொல்லல, அதையும் டீயையும் கஷாயத்தையும் தள்ளித் தள்ளி வச்சுக்கோங்கன்னாங்க, டீ இரும்பு உள்ள போறதக் குறைச்சுடும். சாப்பாட்டோட டீ குடிக்கிற பழக்கம் போச்சு, அதுதான் இந்த வைத்தியத்துலயே எனக்கு வலிச்ச பத்தியம்.

மத்தபடி நாடி பாத்து வாதம் ஏறிக் கிடக்குன்னு சொல்லி, எண்ணெய் தேச்சு விடறது, நெத்தில எண்ணெய் விடற சிரோதாரை, ராத்திரி பால்ல அமுக்கரா சூரணம், பத்து மணிக்குப் படுக்கை. அமுக்கரான்னா அஸ்வகந்தாதான், இங்க தென்னாப்பிரிக்காவுலயே தானா முளைக்கிற செடி. ஸ்ட்ரெஸ்ஸும் கார்டிசாலும் குறையுதுன்னு சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு, ஆனா தைராய்டு ஹார்மோன ஏத்திடலாம், அதனால தைராய்டு மாத்திரை போடறவங்க கேக்காம தொடாதீங்க, கர்ப்பமா இருந்தா வேண்டவே வேண்டாம், ரொம்ப அபூர்வமா கல்லீரலையும் பாதிச்சிருக்கு. எங்க ஆபீஸ்ல ஒருத்தி தைராய்டு மாத்திரையோட தானா வாங்கிச் சாப்பிட்டு நெஞ்சு படபடன்னு அடிச்சு எமர்ஜென்சிக்குப் போனா.

அம்மா வேற ஊர்ல இருந்து ஆள் வர்றப்ப செந்தூரம் (உலோகத்தப் புடம் போட்டுச் செய்யற மருந்து) குடுத்து விட்டுட்டாங்க. டாக்டரம்மா திறந்து பாத்துட்டு, லேப் ரிப்போர்ட் இல்லாத பஸ்பம், செந்தூரம் எதுவும் வேண்டாம்னுட்டாங்க. 2008ல இன்டர்நெட்ல விக்கிற 193 ஆயுர்வேத மருந்த வாங்கிப் பாத்ததுல அஞ்சுல ஒண்ணுல ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்துச்சாம். இத அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னா, "ஏட்டி, உங்க தாத்தா சாப்பிடாத செந்தூரமா? எம்பது வயசு இருந்தாரு"ங்கறாங்க. டப்பா இன்னும் அலமாரிலதான் இருக்கு.

அங்க குடுத்த பத்தியச் சீட்டுலயும் ஒரு கோளாறு. இந்தியால அச்சடிச்சது. டிசம்பர், ஜனவரில குளிருக்கு ஏத்த மாதிரி நெய், உளுந்துன்னு கனமா சாப்பிடுங்கன்னு இருக்கு. டிசம்பர்ல டர்பன் வெயிலும் புழுக்கமும் எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். ஆடி மாச மழைக்குக் கஞ்சியாம், ஜூலைல இங்க மழை ரொம்பக் கம்மி, அது நமக்குக் குளிர்காலம். கேட்டதும் அவங்களே சிரிச்சுட்டு மாசத்த எல்லாம் அடிச்சுத் திருத்திக் குடுத்தாங்க. நீங்களும் கேளுங்க, கண்ண மூடிட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டாதீங்க.

சிரோதாரை பத்தி ஒரே ஒரு விஷயம். அடில ஓட்டை போட்ட பாத்திரத்துல இருந்து திரி வழியா வெதுவெதுப்பா எண்ணெய் நெத்தில இறங்கிட்டே இருக்கும், ஒரு பொட்டு சத்தம் இருக்காது, மொத நாள் நான் குறட்டை விட்டதா சொன்னாங்க. முடிஞ்சதும் நீங்களே வண்டி ஓட்டிட்டு வராதீங்க. நான் ரோபோல (இங்க டிராஃபிக் சிக்னலுக்கு அதான் பேர்) பச்சை விழுந்தும் நகராம நின்னு பின்னாடி டாக்ஸிக்காரன் கிட்ட வாங்கின திட்டு இருக்கே. தலையணை உறையும் பழசா போட்டுக்கோங்க.

இப்ப சிக் நோட். ஒரு வாரம் தொடர்ச்சியா சிகிச்சை, ரெஸ்ட் வேணும்னு டாக்டரம்மா சர்டிஃபிகேட் குடுத்தாங்க. ஹெச்ஆர்ல இருந்து மெயில்: "மருத்துவரோட சர்டிஃபிகேட் மட்டும்தான் ஏத்துக்குவோம்." பதிவு நம்பர அனுப்பினேன். அது ஹெச்பிசிஎஸ்ஏ (மெடிக்கல் டாக்டருங்க பதியற கவுன்சில்) நம்பர் இல்லையேங்கறாங்க. கம்பெனி பாலிசிங்கறாங்க. பாலிசியக் காட்டுங்கன்னா அனுப்பறேன்னு சொல்லிட்டு அனுப்பல. நேர்ல போனா, "ஸ்பா போனதுக்கெல்லாம் லீவா?"ன்னு பக்கத்து சீட் ஆள் காதுல விழற மாதிரி. அன்னைக்குத்தான் சட்டத்தத் தேடிப் படிச்சேன்.

பேசிக் கண்டிஷன்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மென்ட் ஆக்ட், 1997, பிரிவு 23. தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல வரலன்னா, இல்ல எட்டு வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல லீவு போட்டா, கம்பெனி சர்டிஃபிகேட் கேக்கலாம். அத மெடிக்கல் டாக்டரும் குடுக்கலாம், நோயக் கண்டுபிடிச்சு சிகிச்சை தர தகுதியுள்ள, பாராளுமன்றச் சட்டத்தால அமைஞ்ச கவுன்சில்ல பதிஞ்ச வேற யாரும் குடுக்கலாம். ஆயுர்வேத டாக்டர் அந்த ரெண்டாவதுல வர்றாங்க. மசாஜ் தெரபிஸ்ட் வரமாட்டாங்க, மொத இடத்துல நான் திரும்பி வந்தது எவ்வளவு நல்லதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

பிரிவு 23ல அந்த ரெண்டாவது உட்பிரிவுக்கு மஞ்சக் கலர் அடிச்சு, சட்டத்தோட பேர், நம்பர், டாக்டரம்மா பதிவுச் சான்று எல்லாம் சேத்து, மேனேஜரையும் சிசில போட்டு, ஒரே ஒரு வரி எழுதினேன்: இத ஏத்துக்க முடியாதுன்னா காரணத்த எழுத்துல தாங்க, நான் சிசிஎம்ஏ (வேலைத் தகராறு விசாரிக்கற அமைப்பு) போறேன். மறுநாள் மதியம் பதில் வந்துச்சு, "உங்க லீவு சிக் லீவா மாத்தப்பட்டிருக்கு." சாரி கிடையாது. கைகழுவற இடத்துல அந்த ஹெச்ஆர் பொண்ணு என்னப் பாத்துட்டு ஃபோன நோண்டுச்சு, எனக்கு அது போதும்.

மெடிக்கல் எய்ட் தனிப் போராட்டம். மொத க்ளெய்ம் ரிஜெக்ட், காரணம் ஐசிடி-10 கோட் (நோயக் குறிக்கற கோட்) இல்ல. பில்ல திருப்பி வாங்கி ஆர்53 (அசதிக்கான கோட்), டாக்டரம்மாவோட ப்ராக்டிஸ் நம்பர் ரெண்டும் போட வச்சு அனுப்பினேன், கன்சல்டேஷன் காசு மெடிக்கல் எய்ட்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருந்து வந்துடுச்சு. தைலத்துக்கும் சூரணத்துக்கும் நேப்பி கோட் (மருந்தக் குறிக்கற கோட்) இல்லன்னு காசு வரல, அது வராது, அலையாதீங்க. பில் போடும்போதே கன்சல்டேஷன், சிகிச்சை, மருந்துன்னு மூணையும் தனித்தனியா போடச் சொல்லிடுங்க, ஒரே தொகையா போட்டா மொத்தமும் திரும்பி வரும்.

அசதி எப்படி இருக்குன்னு கேப்பீங்க. தூக்கம் சீக்கிரமே சரியாச்சு, தெம்பு மெதுவாத்தான் வந்துச்சு, ஃபெரிட்டின் ஏற ஏற. அமுக்கராவா, இரும்பா, பத்து மணிப் படுக்கையா, எது எவ்வளவுன்னு யார் பிரிச்சுச் சொல்றது. அடுத்த ஃபெரிட்டின் டெஸ்ட் க்ளோசிங் முடிஞ்சப்பறம், அதே லேப்தான், மெடிக்கல் எய்ட் நம்பர முந்தின நாளே ஃபோன் பண்ணி ஏத்த வச்சுட்டுத்தான் போவேன்.