முட்டத்தில் காற்று உண்டா, இல்லையா?

பேச்சிப்பாறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தோவாளையில் மொத்தமே முப்பது பேர்தான், ஆனால் அங்கே வெட்டுகத்தியோடு வாசலைத் தாண்டினால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். முட்டம் நிலாவைவிடச் சின்னது. கீரிப்பாறையில் ஆளே இல்லை. குமரி மாவட்டத்துக்கு யாரோ கெட்ட காலம் குறித்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நாங்கள் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து விளையாடும் விண்வெளி விளையாட்டின் உலகப் பட்டியல் இது.

விளையாட்டின் பெயர் டிராவலர். 1977ல் அமெரிக்காவில் வந்தது. ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, ஓட்டைக் கப்பல் ஒன்றில் சரக்கேற்றி, நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய் விற்று, பெரும்பாலும் நஷ்டப்பட்டுத் திரும்புவதுதான் கதை. எங்கள் கூட்டத்துக்கு நடுவர் அண்ணன். கதை சொல்வது, வில்லனாகப் பேசுவது, பகடை பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவன் பொறுப்பு. பட்டியலை எக்செலில் வைத்துக் காப்பது மட்டும் என் தலையில்.

ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரே வரியில் ஜாதகம் எழுதிவிடலாம், அதுதான் இந்த விளையாட்டின் அழகு. விண்துறைமுகத்தின் தரம், உலகத்தின் அளவு, காற்று, தண்ணீர், ஜனத்தொகை, அரசு, சட்டம், கடைசியில் தொழில்நுட்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து அல்லது எண். அளவு 8 என்றால் குறுக்களவு எட்டாயிரம் மைல், நம் பூமி மாதிரி. தண்ணீர் 7 என்றால் எழுபது சதவீதம் கடல். ஜனத்தொகை எண் என்பது 1க்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் என்பது. 9 தாண்டினால் ஏ, பி, சி என்று போகும். அதில் ஐயும் ஓவும் மட்டும் கிடையாது, 1 என்றும் 0 என்றும் கண் ஏமாந்துவிடும் என்பதால்.

வரைபடம் எட்டுக்குப் பத்து, அறுகோணக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு. ஏறக்குறைய பாதிக் கட்டங்களில் உலகம் இருக்கும். இத்தனைக்கும் பெயர் வேண்டுமே. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ் போர்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான் அண்ணன். பெயர் எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் பகடை உருட்டினான். பேச்சிப்பாறை வறண்டது அப்படித்தான்.

வருஷக்கணக்கில் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அண்ணன் மனைவி, எங்கள் மைனி, விளையாட வந்தார். மைனி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். பட்டியலைப் பிரின்ட் எடுத்துக் கொடு தம்பி என்று கேட்டார், கொடுத்தேன். சிவப்புப் பேனா எடுத்தார். பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கை, கேட்கவா வேண்டும்.

முதல் வட்டம் முட்டத்துக்கு விழுந்தது. அளவு 2, குறுக்கே 3200 கிலோமீட்டர். நிலாவே 3474 கிலோமீட்டர். அதைவிடச் சின்ன உருண்டையில், காற்று என்ற இடத்தில் 6 போட்டிருக்கிறது. 6 என்றால் முகமூடி இல்லாமல் மூச்சுவிடலாம். இது எப்படி வந்தது என்றால், இரண்டு பகடையைக் கூட்டி அதில் 7 கழித்து உலகத்தின் அளவைச் சேர்ப்பது விதி. அன்றைக்கு அண்ணனுக்கு ஆறும் ஐந்துமாக 11 விழுந்தது. 11ல் 7 போனால் 4, கூட 2, மொத்தம் 6. கணக்கு சரி.

"கணக்கு சரிதான், காற்று நிக்காதே" என்றார் மைனி. பூமியை விட்டுத் தப்பிக்க விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும், நிலாவில் 2.4 போதும். அதனால் அங்கே இருந்த காற்றெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்விடும். சரி, காற்றை எடுத்துவிடலாம் என்று அண்ணன் 6ஐ அழித்து 0 போடப் போனான்.

"லேய், நில்லு" என்று பாய்ந்தான் எங்கள் மார்த்தாண்டம் நண்பன். "முட்டம் கடற்கரையிலதான் என் தங்கச்சி கல்யாணம் நடந்தது. முந்நூறு பேரு பந்தியில இருந்தாவ. காற்றை எடுத்தா அத்தன பேரும் மூச்சுமுட்டிச் செத்திருக்கணும்." விளையாட்டுக் கல்யாணம்தான். ஆனால் அந்தப் பந்திக்கு நெய்மீன் எங்கிருந்து வந்தது என்பது வரை எல்லோருக்கும் நினைவிருந்தது.

அப்படியானால் காற்றை விட்டுவிட்டு அளவை ஏற்றுவோம், 7 வைத்துவிடலாம் என்றார் மைனி. அதற்கும் அதே நண்பன் குறுக்கே விழுந்தான். அதே முட்டத்தில், கடன்காரர்கள் துரத்த, கலங்கரை விளக்கத்து மேல்மாடத்திலிருந்து குதித்துத் தப்பியவன் அவன். நிலா மாதிரி ஈர்ப்பில் பத்து மீட்டர் குதித்தாலும் இங்கே ஆள் உயர மதிலிலிருந்து குதித்த மாதிரிதான் இருக்கும். அளவு 7 ஆனால் ஈர்ப்பு கிட்டத்தட்ட நம்மூர் ஈர்ப்பு. எலும்பு மிஞ்சாது. காற்றை எடுத்தால் தங்கை சாகிறாள், அளவை ஏற்றினால் அவள் அண்ணன் சாகிறான். எப்படித் திருத்தினாலும் அந்தக் குடும்பத்தில் ஒரு இழவு உறுதி.

இந்த இடத்தில்தான் மாமா உள்ளே வந்தார். மைனியின் அப்பா. வி.ஏ.ஓ.வாக இருந்து ரிட்டயர் ஆனவர், மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அதுவரை திண்ணையில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே காது கொடுத்திருக்கிறார் போல.

"மக்ளே, அது என்னவாக்கும், அடங்கலா?" என்று, வி.ஏ.ஓ.க்கள் எழுதும் நிலக் கணக்கை நினைத்துக் கேட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு வரிக்கு ஒரு உலகம், கட்டத்துக்குக் கட்டம் எண்கள். நான் விளக்கினேன். ஐயும் ஓவும் ஏன் இல்லை என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "இத உண்டாக்கினவன் கணக்கு எழுதத் தெரிஞ்சவன்" என்றார். அத்தோடு கண்ணாடி வரச் சொன்னார். கண்ணாடி வந்தால் மாமா எழுந்திருக்க மாட்டார் என்று மைனிக்குத் தெரியும், அடுப்பில் மரச்சீனிக் கிழங்கை ஏற்றிவிட்டு வந்தார்.

முட்டம் வழக்கை மாமா தீர்க்க ரொம்ப நேரம் ஆகவில்லை. "ரீசர்வேயில நிலம் கூடும், குறையும். அதுக்காவ முந்தி அந்த நிலத்துல நின்னவன் செத்துப்போனான்னு எழுத முடியுமா?" என்றார். அளவு 7 என்று ஏறியது. பழைய பதிவு, புதிய பதிவு, மாற்றத்துக்கான காரணம் என்று மூன்று கட்டம் தனியாகப் போடச் சொன்னார். காரணம் இல்லாமல் ஒரு எண்ணைக்கூடத் தொடக் கூடாதாம். எனக்கு இது பிடித்திருந்தது. இத்தனை நாள் அண்ணன் மனம்போனபடி மாற்றிவிட்டு "முதல்லேயே அப்படித்தான் இருந்தது" என்று சாதிப்பான்.

பேச்சிப்பாறைக்கு வந்ததும் மாமாவின் குரல் மாறியது. தண்ணீர் 0. இயற்பியலில் இதில் ஒரு பிழையும் இல்லை, வறண்ட உலகம் இருக்கலாம் என்றார் மைனி. மாமாவுக்கு இயற்பியல் ஒரு பொருட்டே இல்லை. "கோதையாறு மறிச்சு 1906ல கட்டின அணையாக்கும். பேச்சிப்பாறையில தண்ணி இல்லேண்ணா நாஞ்சில்நாட்டு வயலு எல்லாம் தரிசு. தெரியுமா மருமோனே?" அண்ணன் மாமனாரிடம் பகடை மேல் பழி போட்டுப் பார்த்தான். எடுபடவில்லை. கடைசியில் எண்ணை விட்டுவிட்டுப் பெயரை மாற்றுவது என்று முடிவானது. அங்கேதான் சிக்கல். இந்த மாவட்டத்தில் வறண்ட ஊர் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. சொன்ன ஊருக்கெல்லாம் யாருக்காவது சொந்தக்காரர் இருந்தார், குளம் இருந்தது. ஆரல்வாய்மொழி தாண்டிப் போய் ராதாபுரம் என்று வைத்தோம். ராதாபுரத்துக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், எங்கள் கூட்டத்தில் அந்தப் பக்கத்து ஆள் யாரும் இல்லை.

தோவாளை சீக்கிரம் முடிந்தது. ஜனத்தொகை எண் 1, அதாவது பத்துக் கணக்கில் ஆள், முப்பது என்று வைத்திருந்தோம். சட்டம் 9, வீட்டுக்கு வெளியே எந்த ஆயுதமும் கூடாது. "பூ வெட்டுகதுக்குக் கத்திரி கொண்டு போலாமா?" என்று மாமா கேட்டார். அண்ணன் யோசித்தான். முப்பது பேரில் எத்தனை பேர் போலீஸ் என்று அடுத்த கேள்வி. இதைத் திருத்திவிடலாம் என்று நான் மவுஸை நகர்த்தினேன், மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "இது இருக்கட்டும். ஆளில்லாத எடத்துலதான் ஆபீஸ் பெரிசா இருக்கும்."

அப்புறம் வந்தது முப்பந்தல். மைனி இதற்கு வட்டம் போடவில்லை, பக்கத்தில் கோபமாக ஒரு கோடு இழுத்திருந்தார். நட்சத்திரங்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று சூடு இறங்கும் வரிசையில் வகைப்படுத்துவார்கள். நம் சூரியன் ஜி. முப்பந்தலுக்கு அண்ணன் போட்டிருந்தது ஓ. பேர் பார்க்க எடுப்பாக இருந்ததாம். ஓ வகை நட்சத்திரம் சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்துவிடும். பூமிக்கு வயது 450 கோடி ஆண்டு. அந்தக் கொஞ்ச காலத்தில் பாறை ஆறுவதே கஷ்டம், அண்ணன் அங்கே தென்னந்தோப்பு வைத்திருந்தான்.

எம் வகைச் சிவப்புக் குள்ளனாக்கிவிடலாம், அவை ஆயுசு கெட்டி என்றார் மைனி. ஒரே நிபந்தனை, அந்த மங்கல் வெளிச்சத்தில் குளிர் காய ரொம்ப ஒட்டிப் போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமாவைச் சுற்றும் கோள் ஒன்றுக்கு ஒரு சுற்று 11.2 நாள்தான். அதே கணக்கை முப்பந்தலுக்கு வைத்துக்கொண்டோம். இவ்வளவு ஒட்டிப் போனால் ஒரு முகம் மட்டும் எப்போதும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி பூட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் தீராத பகல், மறு பக்கம் தீராத ராத்திரி, இரண்டுக்கும் நடுவில் ஓயாமல் காற்று. முப்பந்தல் காற்றாடிகளுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா? அண்ணன் கை தட்டினான். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

நண்பன் மட்டும் பேசாமல் செல்போனில் பெருக்கிக்கொண்டிருந்தான்.

இவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிஜத்தில் இவன் வேலை ஒரு வங்கியின் கடன் பிரிவில். தவணை தவறியவர்களுக்குப் போன் போட்டு, "சார், இந்த மாசமும் பாக்கி இருக்கே" என்று தேனாகப் பேசுவான். விளையாட்டில் எங்கள் கப்பல் இவன் பெயரில், கடனில் வாங்கியது. விதிப்படி விலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம். மீதிக்கு மாதாமாதம் விலையில் 240ல் ஒரு பங்கு வீதம் 480 மாதம், நாற்பது வருஷம். கூட்டிப் பார்த்தால் கப்பல் விலைக்கு 2.2 மடங்கு வரும். கடன் கொடுத்த வங்கி இருப்பது முப்பந்தலில்.

"ஒரு வருஷம் 11.2 நாள். நாற்பது வருஷம்னா 448 நாள். கப்பல் வாங்கி அதுக்கு மேல ஆச்சு. கடன் தீந்தாச்சு" என்றான். நிறுத்தவில்லை. "கூடுதலாக் கட்டினத வட்டியோட திருப்பித் தரணும்."

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. வருஷத்தை விட்டாலும் தவணை மாதக் கணக்குதானே என்று மைனி மடக்கப் பார்த்தார். "முப்பந்தலுக்கு நிலா உண்டா, மைனி? பட்டியல்ல இல்லியே. நிலாவே இல்லாத ஊர்ல மாசம் ஏது, மாசத் தவணை ஏது?" வங்கியில் இவனிடம் இப்படி யாராவது பேசியிருந்தால் என்ன செய்திருப்பான் என்று கேட்க நினைத்தேன். கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் வந்துவிட்டதால் கேட்கவில்லை.

மாமா கிழங்கைப் பிட்டுச் சம்மந்தியில் தொட்டுக்கொண்டே விசாரித்தார். "எழுத்துல எந்த வருஷம்னு இருக்கு?"

"வருஷம்னுதான் இருக்கு மாமா. எந்த வருஷம்னு இல்ல."

"எங்க அப்பா காலத்துப் பிரமாணம், அதான் பத்திரம், எல்லாம் கொல்லம் வருஷமாக்கும். 1112ன்னு எழுதியிருக்கும். மாசத்தப் பாத்து 824ஓ 825ஓ கூட்டினாதான் இங்கிலீஷ் வருஷம் வரும். தமிழ்நாட்டோட சேந்தப்பொறவு அந்த 1112ஐ இங்கிலீஷ் 1112ன்னு படிச்சு, எண்ணூறு வருஷத்துக்கு வட்டி தாண்ணு எவனாவது வந்தானா? எழுதின அன்னைக்கு எது நடப்புல இருந்ததோ அதுதான் செல்லும். கப்பல்ல நாள்வழி எழுதுவியளா?"

எழுதுவோம். நாளுக்கு எண், ஆண்டுக்கு எண் போட்டுக் கப்பல் குறிப்பு எழுதுவது இந்த விளையாட்டில் வழக்கம். ஆண்டுக்கு 365 நாள். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். நண்பன் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தான். மாமா அந்தப் பக்கத்தை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார். கிழங்கு தின்ற விரலால் தொடாமல், புறங்கையால் தள்ளி.

வழக்கு தள்ளுபடி. 480 தவணையும் அப்படியே நிற்கிறது. காரணம் என்ற கட்டத்தில் "நட்சத்திர வகை மாற்றம். பழைய கடன்களைப் பாதிக்காது" என்று மாமா சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

நண்பன் தோற்றாலும் அடங்குகிற ஆள் இல்லை. பட்டியலை மேலும் கீழும் உருட்டிக் கீரிப்பாறையைக் கண்டுபிடித்தான். காற்று 6, தண்ணீர் 7, ஜனத்தொகை 0. சட்டமும் 0.

"மாமா, அங்க எனக்கு ஒரு பத்து சென்ட் மட்டும் பட்டா போட்டுத் தாருங்க. தவணை கேட்டு ஆளு வந்தா அங்க போயிக் கெடக்கேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பெயரைப் படித்தார்.

"கீரிப்பாறை ரிசர்வ் காடாக்கும், மக்ளே. பட்டா கெடைக்காது."

அதையும் அண்ணன் பட்டியலில் ஏற்றச் சொல்லிவிட்டான். எந்த உலகமெல்லாம் புறம்போக்கு என்று ஒரு புதுக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.